குளிர்க்கூடத்துச் சன்னல்கள்

கல்லூரி மாணவியர் சங்கமான எங்கள் சொராரிட்டியின் வீட்டில், மூன்றாம் மாடியில் நீளமான ஒரு கூடம் உண்டு. இரட்டை அடுக்குக் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். 'கோல்ட் டார்ம்', அதாவது குளிர்க்கூடம் என்போம். படிப்பதும் உடுத்துவதும் கீழ் அறைகளில். உறக்கம் மட்டும் எல்லோருக்கும் அங்கேதான். இண்டியானாவின் பனிக்காலத்திலும் சன்னல்கள் திறந்தே இருக்கும். பொறியியல் படிக்க வந்து இந்தச் சங்கத்தில் சேர்ந்த நான், முதல் வாரம் மூன்று போர்வைக்குள் கிடந்து நடுங்கினேன். இன்று அந்தச் சன்னல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

வீட்டின் உரிமை முன்னாள் மாணவியர் நடத்தும் ஒரு சிறு கழகத்திடம் இருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. 1886ல் சிரக்யூஸில் ஆல்ஃபா ஃபை என்ற சொராரிட்டியின் பெண்கள் தங்களுக்கென்று வீடு கட்டினார்கள். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1920ல். ஓட்டுப்போட முடியாத காலத்திலேயே வீடு கட்டிய பெண்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மாணவிகள் மே மாதம் போய் ஆகஸ்டில் திரும்புவார்கள். அந்த இடைவெளிக்குள் எல்லாம் முடிய வேண்டும். சன்னலைக் கழற்றி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் காய்ந்த பட்டியை நீராவியில் இளக்கி, கண்ணாடியை அலுங்காமல் எடுப்போம். 1978க்கு முந்தைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரப்படுத்தித்தான் சுரண்டுவோம். தூசி பறக்கக் கூடாது. பிறகு ஆளிவிதை எண்ணெய்ப் பட்டி, புதுப் பருத்திக் கயிறு. பிளாஸ்டிக் சன்னலுக்கு மாறச் சொல்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். எங்கள் சன்னல் சட்டங்கள் முதிர்ந்த காட்டு மரத்தின் வயிரம். ஒரு மூலை உளுத்தால் அந்த மூலையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். பிளாஸ்டிக்கில் ஒட்டு ஏது?

சுவர்தான் என்னை அதிகம் வருத்தியது. நூறு ஆண்டைக் கடந்த மென்மையான செங்கல், சுண்ணாம்புக் காரை. எங்களுக்கு முன் எவரோ சந்துகளைச் சிமென்டால் அடைத்துவிட்டார். சுவருக்குள் இறங்கிய ஈரம் காரை வழியாக வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டால் செங்கல்லுக்குள் தங்கி, பனியில் உறைந்து, அதன் முகத்தை உரித்துத் தள்ளும். கல்லைவிடக் காரை மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது காரையாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். சிமென்டை உளியால் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு பூசி, ஈரச் சாக்கு போர்த்திக் காத்திருந்தோம். சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது.

இதற்கெல்லாம் பணம் கேட்பது தனிக் கைவேலை. வரவேற்பறை விளக்குக்கு என்றால் முன்னாள் மாணவியர் உடனே தருவார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வீடு நினைவில் இருக்கிறது: ஒருவருக்குப் பச்சைச் சுவர், இன்னொருவருக்கு மாடிப்படிக்கு அடியில் இருந்த தொலைபேசிக் கூண்டு. அந்த நினைவு பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் கேட்டு நடந்தால் கூரை ஒழுகும் என்று கொஞ்ச காலம் கசந்துகொண்டேன்.

எண்பது தாண்டிய, எங்கள் சங்கத்தின் மூத்த சகோதரி ஒருவரின் தொலைபேசி அழைப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. "வடக்கில் கடைசிச் சன்னலைப் பாருங்கள். என் கட்டில் அதற்கடியில்தான். மழை பெய்தால் இறுகும், இரண்டு நாள் வெயிலில் சரியாகிவிடும்" என்றார். நான்கு முறை அதை இழைத்தும் காரணம் புரியாமல் இருந்தவள் நான். மறுநாள் ஏணி வைத்துப் பார்த்தேன். மேலே கூரையோரத் தூம்பின் இணைப்பு விலகியிருந்தது. வழிந்த தண்ணீர் நேராகச் சன்னல் தலையில் இறங்கியிருந்தது. அவர் படித்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்.

நன்றி சொல்லக் கூப்பிட்டபோது, "யாரும் பணம் தர விரும்பாதது எது?" என்று கேட்டார். தூம்பு என்றேன். வடக்குப் பக்கம் முழுவதற்கும் தந்தார். இப்போது முன்னாள் மாணவியருக்கு எழுதும்போது முதலில் பணம் கேட்பதில்லை. உங்கள் கட்டில் எங்கே இருந்தது, எங்கே சொட்டியது, எது முனகியது என்று கேட்கிறேன். பதில்களை வீட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டு, பழுதுபார்க்க அங்கேதான் முதலில் போகிறேன்.

ஆகஸ்டில், மாணவிகள் வருவதற்கு முதல் நாள், கூடத்துக்குத் தனியே ஏறுவேன். ஒவ்வொரு சன்னலையும் பாதி உயர்த்திக் கையை எடுப்பேன். சுவருக்குள் தொங்கும் இரும்பு எடைக்கட்டி சரியாக இருந்தால் விட்ட இடத்தில் நிற்கும். இந்த ஆண்டு பதினொன்று நின்றன. பன்னிரண்டாவது மெல்லக் கீழே இறங்கியது. சட்டத்தின் ஓரப்பலகையைத் திறந்து, எடைக்கட்டியோடு ஓர் ஈய வளையம் சேர்த்துக் கட்டினேன்.