பிஸ்கட் டின்னில் இருந்த மின்னிசை

கேமரன் மலைக்குப் போகிறவர்களில் பலருக்குத் தாப்பா என்றால் எண்ணெய் நிரப்பும் இடம். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் என்று பசியாறிவிட்டு மலைப்பாதையில் ஏறிவிடுவார்கள். ரயிலில் வந்தால் தாப்பா ரோட்டில் இறங்க வேண்டும். ஊருக்குள் வர அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர். ஒரு காலத்தில் தெலுக் இந்தானுக்குப் போகும் கிளைப்பாதை அங்கேதான் பிரிந்தது.

இந்த முறை நான் மலையேறவில்லை. நண்பரின் மாமா ஒருவர் பழைய ஒலிநாடாக்கள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் குடியிருக்கும் தாமானுக்குப் போனேன். அருகிலிருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் சீவியவர் அவர். இன்று அங்கே செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை. பேராக்கில் எத்தனையோ தோட்டங்களின் கதை இதுதான். லயத்து வீட்டிலிருந்து வந்த பொருள்களில் மிஞ்சியவை சில சாமி படங்களும், ஒரு பிஸ்கட் டின் நிறைய நாடாக்களும்.

முதலில் அவர் போட்டது ‘புன்னகை மன்னன்’. 1986இல் வந்த படம். கணினியின் துணையோடு இசை பதிவான முன்னோடித் தமிழ்ப் படம். அதில் இளையராஜா பயன்படுத்திய யமஹா சிஎக்ஸ்5எம், தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து இயக்கக்கூடிய ஒரு வீட்டுக் கணினி. அதன் நினைவகம் 32 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. அதன் இசைப்பகுதியில் ஒரே நேரத்தில் எட்டு சுரங்கள் ஒலிக்கும்.

ஓர் ஒலி அலையை இன்னோர் அலையால் வேகமாக உலுக்கிப் புதிய ஒலியை உண்டாக்குவது அந்தக் கருவியின் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தது. யமஹா நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று, 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டை வெளியிட்டது. கண்ணாடிக் குவளையைத் தட்டினாற்போல, வெண்கல மணியை அடித்தாற்போல வரும் எண்பதுகளின் ஓசைகள் பலவும் இந்த வழியில் பிறந்தவை. திலீப் என்ற பெயரில் அந்நாளில் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்த இளைஞர்தான் பின்னாளைய ஏ.ஆர்.ரஹ்மான்.

இந்த விவரம் எதுவும் தோட்டத்துக்கு வரவில்லை. நாடா மட்டும் வந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் ஓசைக்கு லயத்துப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். “என்ன வாத்தியம்னே தெரியாது தம்பி. ஆனா கால் சும்மா இருக்காது” என்றார் மாமா.

அந்தக் காலத்து மின்னிசை எல்லாம் இப்படிக் கொண்டாடப்படவில்லை. பம்பாய்த் திரைப்பட இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றான டிபி-303, பேஸ் கிட்டார்காரர் துணையின்றிப் பயிற்சி செய்பவர்களுக்காக வந்த சிறிய பெட்டி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அதன் குணம் ராகங்களுக்குப் பொருந்திவிட்டது. நாம் மோகனம் என்று அறியும் பூபாலியும், கல்யாணிக்கு இணையான யமனும் அந்தப் பத்தில் உண்டு. இசைத்தட்டு விற்கவில்லை. சிகாகோவில் அதே பெட்டியிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை கிளம்பியது அதன் பிறகுதான். 2010இல் மறுவெளியீடு வந்ததும் உலகம் வியந்தது. 2015இல் அவர் மறைவதற்குள் அந்தப் பெருமையைக் கண்டுவிட்டார். இசைத்தட்டின் சில பிரதிகளாவது தப்பியிருந்ததால் நடந்தது இது.

தாப்பாவில் மாமா அடுத்து எடுத்த நாடாவுக்குப் பிரதியே இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நடந்த இன்னிசை இரவு. கூட்டத்தில் ஒருவர் ரேடியோவை வைத்துப் பதிவு செய்தது. பட்டாசுச் சத்தம், யாரையோ மேடைக்கு அழைக்கும் குரல், நடுவே ஒரு கீபோர்டு. வாசிப்பவர் மாமாவின் அண்ணன். இப்போது இல்லை. இரண்டாவது பாட்டிலேயே நாடா இழுத்து, சுருதி இறங்கியது. மாமா சட்டென்று நிறுத்திவிட்டார். அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பல வருடங்களாக அவர் அதைக் கேட்பதே இல்லையாம்.

அன்று மாலையே அதைக் கணினியில் ஏற்றினோம். பெரிய வித்தை இல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, பிளேயரின் ஹெட்டைத் துடைத்துக் காயவிட வேண்டும். நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்ற வேண்டும். இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமிப்பது நல்லது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இளையராஜாவின் இசையைக் காக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோட்டத்து மேடையில் வாசித்தவரை அவர் வீட்டார்தான் காக்க வேண்டும். ஓடி முடியும்வரை மாமா பக்கத்திலேயே இருந்தார். தபேலா யார், பாடுகிற பெண் யார் வீட்டுப் பிள்ளை, பட்டாசு வெடித்தது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒலியைக் கணினி காப்பாற்றும். பெயர்களைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.