பச்சை பாட்டில்

மைக்ரோபயாலஜி லேபில் ‘மீடியா ரூம்’ என்று ஓர் அறை உண்டு. மாணவர்கள் எல்லாரும் மைக்ராஸ்கோப் இருக்கும் பக்கம்தான் ஓடுவார்கள், இங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உண்மையில் இது ஒரு சமையலறை. தராசு, அடுப்பு, அப்புறம் ஆட்டோகிளேவ். அதுவும் பெரிய பிரஷர் குக்கர்தான்: 121 டிகிரி, 15 நிமிஷம். ஏழு வருஷமாக இங்கே கிருமிகளுக்குச் சமைத்துப் போடுகிறேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு. சிலது நியூட்ரியன்ட் அகார் போட்டாலே திருப்தியாக வளரும். தொண்டையில் இருக்கும் சிலதுக்கு ஆட்டு ரத்தம் கலக்கணும். இன்னும் சிலதுக்கு அந்த ரத்தத்தையும் சூடாக்கி, அணுக்களை உடைத்துக் கொடுக்கணும். நிறத்தை வைத்து அதற்குச் சாக்லேட் அகார் என்று பெயர். புதிதாக வரும் பிள்ளைகள் ஒரு நிமிஷம் ஏமாந்துபோவார்கள். மெக்கான்கியில் பித்த உப்பு இருப்பதால் குடலில் வாழப் பழகியவை தாக்குப்பிடிக்கும். அதிலும் லாக்டோஸைப் புளிக்க வைப்பவை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். சாப்பாட்டோடு ஒரு கேள்வியையும் சேர்த்து வைப்பது மாதிரி.

இவற்றை உறைய வைக்கும் அகார், நோன்புக் காலத்தில் பால் ஊற்றிச் செய்வார்களே, அதே கடல்பாசி. 1881இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே, கணவரின் ஜெலட்டின் உருகி வீணாவதைப் பார்த்து, தன் அடுக்களையில் ஜெல்லிக்குப் போடும் அகாரைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருஷம் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் ராபர்ட் காக் அகாரைக் குறிப்பிட்டார். அந்த அம்மா பெயரைக் குறிப்பிடவில்லை.

காசநோய்க்கு நாங்கள் செய்யும் எல்.ஜே. மீடியத்தில் அகாரே கிடையாது. முட்டைதான். ஓட்டை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உடைத்து, அடித்து, துணியில் வடிகட்டுவோம். உப்புகள், கிளிசரால், அஸ்பராஜின், கொஞ்சம் மாலகைட் கிரீன் சேரும். அந்தப் பச்சைச் சாயம் மற்ற கிருமிகளை அண்டவிடாது. சின்ன பாட்டில்களில் ஊற்றி, சாய்த்து வைத்து, 85 டிகிரி வாக்கில் சூடாக்கினால் பச்சை நிறத்தில் உறைந்து நிற்கும். அதன்மேல் கிருமி வந்தால் ரொட்டித்தூள் சிந்தின மாதிரி தெரியும். ஆனால் வர வாரக்கணக்காகும். ஈ.கோலை 20 நிமிஷத்தில் இரண்டாகும், இதற்கு முக்கால் நாள் வேண்டும். எட்டு வாரம் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று எழுதலாம்.

இரண்டு வருஷம் முன்னால் அப்பாவுக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தது. கண்டுபிடித்தது ஜீன் பரிசோதனை, இரண்டு மணி நேர வேலை. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது காட்டிவிடும். உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, சோறு போட்டுப் பார்ப்பதுதான் வழி. மாசா மாசம் அப்பாவின் சளி வேறொரு ஊர் லேபுக்குப் போனது.

அம்மா தினமும் ரெண்டு முட்டை அவித்துக் கொடுப்பாள். “அதுக்கும் முட்டை, எனக்கும் முட்டையா? யாரு முதல்ல தேறுறோம்னு பாப்போம்,” என்பார் அப்பா.

மூன்றாம் மாத ரிப்போர்ட் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தது. அம்மா போனில் அழுதாள். “நல்லதுதானேடி?”

“நல்லதும்மா.”

வைத்த பிறகுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு பாட்டில் காலியாக இருக்க நிறையக் காரணம் உண்டு. சளியைச் சுத்தம் பண்ணும் காரம் கூடிப்போனால் காசநோய்க் கிருமியும் செத்துவிடும். சாயம் ரொம்பக் கூடிப்போனால் சரியாக வளராது. சூடு மிஞ்சினாலும் கெட்டது. அதனால்தான் ஒவ்வொரு தடவை மீடியா செய்யும்போதும் எச்-37-ஆர்வி என்ற தெரிந்த கிருமியை அதில் வளர்த்துப் பார்ப்போம். 1905இல் அமெரிக்காவில் 19 வயசுப் பையன் ஒருவனிடமிருந்து எடுத்த கிருமியின் வம்சம் அது. அவனுடையது தழைத்தால்தான் அப்பாவுடைய காலி பாட்டிலை நம்ப முடியும்.

மறுநாள் அந்த லேபுக்குப் போன் போட்டேன். மீடியா செய்யும் அண்ணன் ஒருத்தர் எடுத்தார். பேட்ச் நம்பரைச் சொல்லி, “இதுல ஆர்வி வந்துச்சாண்ணே?” என்றேன்.

ரெஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஜம்முனு வந்திருக்கும்மா. ஏன், எதுவும் கம்ப்ளெயின்டா?”

“இல்லண்ணே. சும்மாதான்.”