ஆக்சிலேட்டர் தானாகத் திரும்ப வேண்டும்



அப்பா, தாத்தா ஓட்டிய பழைய வண்டியைத் தூசி தட்டி எடுக்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கிறது. சந்தோஷம். ஆனால் ரோட்டில் இறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் அது 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும்.

மறைந்த என் தம்பியின் 1986 புல்லட் இரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்றது. போன மாதம் அவன் மகன் வந்து அதை ஸ்டார்ட் செய்தான். சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டர் முறுக்கிய இடத்திலேயே நின்றது.

"கையால திருப்பிக்கிறேன் பெரியப்பா" என்றான். நான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டியில் பழகியவன் பதற்றத்தில் எந்தக் காலை அழுத்துவான்?

மறுநாள் இருவரும் உட்கார்ந்தோம். கணக்குப் போடுவது போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முதலில் கைப்பிடியிலிருந்து கேபிளைக் கழற்றினோம். கைப்பிடி தாராளமாகச் சுற்றியது, அதில் பழுதில்லை. அடுத்து கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் போகும் ஸ்லைடு. பெட்ரோல் காய்ந்து பிசின் போலப் படிந்திருந்தது. துடைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தது. திரும்ப மாட்டும்போது ஸ்லைடில் உள்ள காடி சரியாகப் பொருந்த வேண்டும். வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் போல்ட்டை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. பாடி வளைந்தால் ஸ்லைடு பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் கேபிள். இழுத்தால் மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. ஒரு முனையில் பாலிதீன் தாளைப் புனல் போலக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டோம். கறுப்பாக இறங்கியது. தெளிந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள்; அதில் சிக்கனம் வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பின், சென்டர் ஸ்டாண்டில் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். சத்தம் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். கூடவில்லை. சாவியைக் கொடுத்தேன். அன்று முழுக்க எங்கள் தெருவுக்குள்ளேயே ஓட்டி, இடது கால் பிரேக்கைப் பழகிக்கொண்டான்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் உடனே கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் அலறும், பயப்படாதீர்கள். சாவியை ஆஃப் செய்து, பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் இதை நாலு தடவை செய்து பழகுங்கள்.

பெரியவர்கள் வண்டியை விட்டுப் போயிருக்கிறார்கள். அதை ஓட்டி நீங்கள் பத்திரமாக வீடு திரும்புவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்