குளிருக்கு ஒரு வாசனை

வாசனை பூசிக்கொள்ளும் ஆண்பிள்ளையைப் பற்றி நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணப் பந்தலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் தாராளமாக எடுத்துப் பூசிக்கொள்ளலாம். பன்னீர்ச் செம்பு முகத்தை நனைத்தால் சிரித்துக்கொண்டே நிற்கலாம். அதற்கெல்லாம் ஆட்சேபம் இல்லை. அதே மனிதர் மறுநாள் ஆபீசுக்குப் புறப்படும்போது கொஞ்சம் மணத்தால் போதும், "என்ன சார், இன்றைக்கு ஏதாவது விசேஷமா?" என்று நாலு பேர் கண்ணைச் சிமிட்டுவார்கள். வாசனை பெண்களுக்கு உரியது. இல்லாவிட்டால் பணக்காரர்களுக்கு உரியது. மாதச் சம்பளக்காரனுக்குச் சோப்பும் விபூதியும் போதும் என்பது நம்முடைய தீர்மானம்.

இந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும்படி செய்தவன் என் தங்கை பிள்ளை. அவனுக்கு டில்லியில் வேலை கிடைத்தது. பெரிய வேலை என்று சொல்ல முடியாது. வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதில், தன் தங்கையின் காலேஜ் சம்பளத்துக்காக மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு போனில் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு விஷயம் கேட்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நல்ல செண்ட் ஒண்ணு வேணும். ஐந்நூறு ரூபாய்க்குள்ளே."

நான் சிரிக்கவில்லை. அவன் குரலில் இருந்த கூச்சம் சிரிக்க விடவில்லை. மெதுவாக விசாரித்தேன். டில்லிக் குளிரில் கம்பளிச் சட்டையைத் தினம் துவைத்துப் போட முடியாது. அவனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. பெட்டியில் கிடந்த அந்துருண்டை நெடியும், ஒற்றை அறையிலேயே சமைக்கிற தாளிப்பு வாசனையும் சேர்ந்து அதில் குடியேறிவிட்டன. ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாராம். அந்தக் குளிரில்!

சென்னையிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே பத்து நிமிஷத்தில் மாயமாகிவிடுகிறது. பெரிய கடைகளில் கண்ணாடிக்குள் இருக்கும் வெளிநாட்டுப் புட்டிகளின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. "பேசாமல் விட்டுடட்டுமா, மாமா?" என்று கேட்டான்.

என் தங்கையிடம் இதைச் சொன்னேன். "ஆண்பிள்ளைக்கு என்ன செண்ட்டு வேண்டிக் கிடக்கு? சோப்புப் போட்டுக் குளிச்சாப் போதாதா?" என்றாள். அவளுக்கு ஜன்னல் சமாசாரத்தை நான் சொல்லவில்லை.

எலுமிச்சையின் மேல் குற்றம் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் எண்ணெயில் பெரும் பகுதி லிமொனீன் என்ற பொருள். அதன் மூலக்கூறு எடை 136. சந்தன எண்ணெயின் சாரமான சாண்டலாலுக்கோ 220. எடை குறைந்த ஆசாமி சீக்கிரம் பறந்துவிடுகிறார். கனமானவர் உட்கார்ந்த இடத்தை விட்டு லேசில் எழுந்திருப்பதில்லை. சந்தனம், தேவதாரு போன்ற மர வாசனைகள் எல்லாம் இந்தக் கனத்த ஜாதி. சித்திரை வெயிலில் இவற்றை அள்ளிப் பூசிக்கொண்டால் மொத்தமாகக் கிளம்பித் தலைவலியைக் கொடுக்கும். குளிரில் அப்படி இல்லை. உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும்; கம்பளி நூலில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கூட இருக்கும். ஆகவே பையனுக்கு வேண்டியது மரத்தின் மணம் என்பது தெளிவாயிற்று.

மரம் என்றதும் சந்தனம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சந்தனம் ராஜாக்களின் சொத்து. 1792-இல் திப்பு சுல்தான் அதை ராஜ விருட்சம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். பின்னால் வந்த சர்க்கார்களும் பிடியை விடவில்லை. சொந்தக் கொல்லையில் முளைத்த சந்தன மரம்கூட வெகு காலம் சொந்தமாக இல்லை. கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிலத்துக்காரருக்கு மரமும் சொந்தமாயிற்று. மரமோ பக்கத்துச் செடிகளின் வேரில் வேரைச் செருகிச் சாரத்தை உறிஞ்சி மெல்ல வளர்வது. உள்ளே வைரம் பாய்வதற்குப் பல வருஷங்கள் ஆகும். ஐந்நூறு ரூபாய்க்கு அசல் சந்தன அத்தர் கேட்பது நியாயம் இல்லை.

வெட்டிவேரைச் சொல்லலாமே என்று தோன்றிற்று. அது வேர்தான் என்றாலும் வாசனைக்காரர்கள் அதை மர வாசனைகளோடு சேர்த்திருக்கிறார்கள். பெயரோ நம்முடையது, நம் தமிழ்ச் சொல்தான் பிரெஞ்சுக்குப் போயிற்று. 1957-இல் பாரிஸில் கார்வென் கம்பெனியார் அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கு ஒரு வாசனை கொண்டுவந்தார்கள். நம் வேருக்குப் பாரிஸில் கிடைத்த மரியாதை டில்லியிலும் கிடைக்கட்டுமே!

"சாந்தினி சௌக்கில் தரீபா கலான் என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே அத்தர் விற்பார்கள். போய் வெட்டிவேர் அத்தர் கேள். அவர்கள் கஸ் என்பார்கள்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறான். கடைக்காரப் பெரியவர் கஸ் என்றதும் தலையை ஆட்டிவிட்டாராம். "அது கோடைக்கு, தம்பி. உடம்பைக் குளிர்விக்கிற சரக்கு. இந்த மாதத்தில் ஷமாமா போடு" என்று ஒரு துளியை மணிக்கட்டில் தடவிவிட்டாராம். வடக்கே வாசனைக்கும் பருவம் பார்ப்பவர்கள். ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாம் வெயிலுக்கு. ஹினாவும் ஷமாமாவும் குளிருக்கு.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் காலம் காலமாக அத்தர் வடிக்கிறார்கள். தாமிர அண்டாவில் சரக்கும் தண்ணீரும் போட்டு, வாயை மண் பூசி மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு தாமிரப் பாத்திரத்தில் இறங்கும். அந்தப் பாத்திரத்தில் முன்பெல்லாம் சந்தன எண்ணெய் காத்திருக்கும். சந்தனம் எட்டாத விலைக்குப் போன பிறகு, மலிவு அத்தர்களுக்கு வாசனை இல்லாத வேறு எண்ணெயை வைக்கிறார்கள். பெரியவர் இதை ஒளிக்காமல் சொல்லி இரண்டு ரகத்தையும் காட்டினாராம். பையன் மலிவு ரகத்தில் 5 மில்லி, நானூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கே மறுபடியும் போன். "மாமா! பாட்டியோட ஸ்நானப் பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு!"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஷமாமாவில் பல மூலிகைகளும் கிராம்பு, ஏலக்காய் போன்றவையும் சேருகின்றன. நம் வீட்டுச் சமையலில் போடும் கல்பாசி சேருகிறது. சடாமாஞ்சில் சேருகிறது. நாகர்மோத்தா என்று ஒன்று சேருகிறது. அது நம் கோரைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரம். என் தாயார் கோரைக்கிழங்கும் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் பயறும் வெயிலில் காயவைத்து அரைத்து, ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். மண்ணும் கட்டையும் கலந்த வாசனை அது. வயலில் களை என்று பிடுங்கி எறிகிற கிழங்கு, காய்ந்த பிறகு மரத்தைப் போல மணக்கிறது! சந்தனத்துக்கு ராஜாக்கள் காவல் போட்டார்கள். கோரைக்கு யாரும் போடவில்லை. ஏழைக்கும் ஒரு மர வாசனை இருக்கட்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கணக்கும் பார்த்தேன். 5 மில்லி என்றால் ஏறக்குறைய நூறு சொட்டு. நாளுக்கு ஒரு சொட்டு வீதம் குளிர்காலம் ஓடிவிடும். நாளொன்றுக்கு நாலு ரூபாய். ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. ஊருக்கு அனுப்புகிற பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று ஜாக்கிரதை: ஷமாமா கறுத்த எண்ணெய், வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை விழும். மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் தொட்டுக்கொண்டு, மிச்ச விரலைக் கம்பளியின் உள்பக்கத்தில் துடைத்தால் போதும்.

"பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சொல்கிறார்?" என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை மாமா. ஜன்னல் மூடியிருக்கு."

பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். என் தங்கை வழக்கம்போல் பெட்டியைக் கவிழ்த்து, அழுக்குத் துணியை எல்லாம் வாளியில் போட்டாள். கம்பளிச் சட்டை கைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். முகத்தருகே கொண்டுபோனாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"துவைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் அழுக்கில்லை, அண்ணா" என்று சொல்லிக்கொண்டே, அதை மடித்து அலமாரியில் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள்.