செட்டியாரின் ஒடிந்த கை

போன விஜயதசமிக்கு மறுநாள், கொலுப்படியைப் பிரித்துப் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றும்போது, தராசு பிடிக்கிற செட்டியாரின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மூளியான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் செட்டியாரைத் தூக்கிப் போட்டால் ஆச்சி தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஆவணிக் கடைசியில் அவரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விளாச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

மதுரையை ஒட்டி, திருநகர் பக்கத்தில் இருக்கிற ஊர். தமிழாசிரியர்களைக் கேட்டால், 1870-ல் பரிதிமாற்கலைஞர் பிறந்த ஊர் என்பார்கள். அவருக்கு இங்கே நினைவில்லம் இருக்கிறது. கொலு வைக்கிற வீடுகளுக்கு இது பொம்மை ஊர். இங்குள்ள வேளார் குடும்பங்களுக்குப் பண்டிகைதான் காலண்டர்: சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கார்த்திகைக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில். நான் போன வீட்டுத் திண்ணையில், வெள்ளைப் பூச்சு மட்டும் பூசிய பொம்மைகள் முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. மீரா யார், மேரி மாதா யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"திருப்பிப் பாரும்மா. தம்புரா இருந்தா மீரா" என்றார் அந்த வீட்டு அம்மா.

அறுபதை நெருங்குகிறவர். செட்டியாரை வாங்கியதும் ஒடிந்த கையைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "பழைய அச்சு. இம்புட்டு மண்ணு இப்ப யாரு வைக்கிறா?" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கூடாக இருந்த வயிற்றுக்குள் சுவரெல்லாம் விரல் தடம். என் பாட்டி வாங்கிய பொம்மை அது. அதற்கும் முன்னால் யாரோ மண்ணை அச்சில் வைத்து அமுக்கிய தடம், ரேகைகூட அழியாமல். வெளியே ஜரிகை அங்கவஸ்திரமும் சந்தனப் பொட்டுமாக இருக்கிற மனிதரை இத்தனை நவராத்திரிகளில் ஒருமுறைகூட நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

அதே வேலையை அவர் என் கண்ணெதிரே செய்தார். கண்மாய் மண்ணை ஊறவைத்து, கல் நீக்கி, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதமாக்கி வைத்திருந்தார்கள். ஓர் உருண்டை எடுத்து அடை மாதிரி தட்டி அச்சுக்குள் போட்டு, கட்டைவிரலால் மூலைமுடுக்கெல்லாம் அமுக்கினார். மூக்குக் குழிக்கு மட்டும் முதலிலேயே தனியாக ஒரு சிட்டிகை மண். "மூக்குல காத்து நின்னுச்சுன்னா மொகமே போச்சு." முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு. விளிம்பைக் கீறி, மண்கூழ் தடவிச் சேர்த்தால் மகிஷாசுரமர்த்தினியின் உடம்பு வந்துவிடும். எட்டுக் கைகளும் பிறகு ஒவ்வொன்றாக ஒட்டப்படும். முதலில் நிழலில் காய வேண்டும், அப்புறம்தான் வெயில். அவசரப்பட்டால் விரிசல். ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடிக்கும். வெடிக்கிற பொம்மை பக்கத்தில் இருப்பதையும் மூளியாக்கிவிட்டுத்தான் போகும்.

காகிதக்கூழ் பொம்மைகளும் நிறைய இருந்தன. கனமில்லை, கூரியருக்குத் தோது, கப்பலும் ஏறும். எனக்கு மண் பொம்மைதான் பிடிக்கும் என்றேன். "பிடிக்கும் பிடிக்கும். தூக்கிச் சுமக்குறது நாங்கல்ல?" என்று உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது.

அவர்தான் வர்ணம். முதுகுப் பக்கத்துக்கு ஒரே நிறம். படியில் வைத்தால் முதுகு தெரியாது. முன்பக்கம் சேலை, கரை, நகை என்று ஒவ்வொரு நிறமாக ஏறி, கடைசியில் கண். கண் எழுதுவது காலை வெளிச்சத்தில் மட்டும். மெல்லிய தூரிகையில் மை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. இடது கண் சரியாக வந்துவிட்டால் வலது கண் அதற்கு ஒத்துப்போக வேண்டுமே என்று பயம் வருமாம். இந்த வேலைக்குத் தனி ரேட்டு உண்டா என்று கேட்டேன். பொம்மைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கண் அதற்குள் அடக்கம்.

முற்றத்தில் பிட்டுக்கு மண் சுமந்த செட் காய்ந்துகொண்டிருந்தது. கூடையோடு சொக்கநாதர், பிரம்போடு பாண்டியன். நவராத்திரிக்கு மீனாட்சி கோயிலில் அம்மனுக்குத் தினம் ஓர் அலங்காரம். பார்த்துவிட்டு வருகிற மதுரைக்காரர்களுக்குத் திருவிளையாடல் பொம்மையில் தனிப் பிரியம். கூடையைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "சாமி பிட்டுக்குச் சுமந்துச்சு. நமக்கு லோடுக்கு இவ்வளவுன்னு எண்ணி வைக்கணும். காசு வச்சாலும் நெனச்ச நேரத்துக்கு மண்ணு வராது."

செட்டியாரின் கைக்கு மண்ணையே எடுக்கவில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று ஊரெல்லாம் மாமியார் மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே அது வெறும் தொழில் விஷயம். ஒரு துண்டுக் கம்பியை மணிக்கட்டில் செருகி, அதன்மேல் காகிதக்கூழை அப்பி, ஐந்து விரலையும் ஊசியால் பிரித்தார். மண் செட்டியாருக்குக் காகிதக் கை.

பூச்சு காயக் காத்திருந்தபோதுதான் திருப்பரங்குன்றம் பக்கமாகக் கருத்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள்கூட முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். நானும் கைக்கு அகப்பட்ட சிங்கத்தைத் தூக்கினேன். பச்சை மண். திண்ணையில் வைத்தபிறகு பார்த்தால், பின்தொடையில் என் கட்டைவிரல் பதிந்திருந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்க, குற்றவாளி மாதிரி போய் நின்றேன். அந்த அம்மா விரலை நனைத்து ஒரே தடவு தடவினார். தடம் போய்விட்டது.

"சிங்கத்துக்கு ஒண்ணுமில்ல. நீ செட்டியாரை எடுத்துட்டுக் கெளம்பு. ரெண்டு நாளைக்குத் தராசை மட்டும் கையில குடுத்துராத."