பொன்னியைத் தாண்டிப் போன புத்தகம்

சகோதரிகளே, ஆடிப் பதினெட்டு அன்று நீங்கள் எல்லாரும் வீட்டில் சித்திரான்னம் கிளறிக் கொண்டிருந்திருப்பீர்கள். நானோ மடியில் ஒரு பழைய பைண்டு புத்தகத்தை வைத்துக் கொண்டு, கோவையிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போய்க் கொண்டிருந்தேன். "நோம்பி நாளும் அதுவுமா எங்கே கிளம்பிட்டே?" என்றார் என் வீட்டுக்காரர். "அம்மிச்சியோட கடனை அடைக்கப் போறேனுங்க" என்றேன்.

அது என்ன கடன் என்று சொல்லி விடுகிறேன்.

1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர் ஆரம்பமானது. 1954 வரை, மூன்றரை வருடம் ஓடியது. அப்போது என் அம்மிச்சி கல்யாணமாகி, பெருந்துறைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்த புதிது. அந்த வீதியில் ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து காசு போட்டுப் பத்திரிகை வாங்கினார்கள். ஈரோட்டுச் சந்தைக்குப் போகிற யாராவது வாங்கி வருவார்கள். ஆறு பேரில் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ராத்திரி வேலை ஓய்ந்ததும் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்து அவர் படிப்பார். மற்றவர்கள் கடலைக்காய் உரித்தபடி கேட்பார்கள். மாமியார்மார் முதலில் முணுமுணுத்தார்களாம். நாலாவது வாரம் அவர்களும் திண்ணைக்கு வந்து விட்டார்களாம்!

வண்டி ஈரோட்டை அடைந்ததும் பஸ் மாறினேன். பள்ளிபாளையம் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே காவிரி நுரைத்துக் கொண்டு ஓடியது. கரையெல்லாம் பெண்கள். முளைப்பாரி, காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு மாற்றிக் கொள்ளும் புதுப்பெண்கள் என்று கண் கொள்ளாக் காட்சி. காவிரிக்குத்தானே பொன்னி என்று பெயர்? கதையும் ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

திருச்செங்கோடு என்றால் மலைமேல் அர்த்தநாரீசுவரர். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். ஊருக்குள் நுழைந்தால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆனால் நான் முதலில் போனது பக்கத்தில் உள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்கு. 1925-ல் ராஜாஜி தொடங்கியது. நம் கொங்கு மண்ணுக்கும் கல்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கல்கி பிறந்தது மாயவரம் பக்கம் புத்தமங்கலம். ஆனால் எழுத்தில் பெரிய பேர் எடுப்பதற்கு முன்னால், ராஜாஜியோடு இந்த ஆசிரமத்தில் இருந்து, மதுவிலக்குக்காக 1929-ல் வந்த 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தார். குடியால் குடும்பம் கெடுவதைக் கதையாகவும் படமாகவும் எடுத்துச் சொன்ன பத்திரிகை அது. பிறகு 1937-ல் ராஜாஜி முதல்மந்திரியாக இருந்து, இந்தப் பகுதி அடங்கிய சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார்.

கதர் நூற்ற அந்த இடத்தில், ஒரு மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். படிப்பில்லாத ஜனங்களுக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்ற அக்கறை இங்கேதான் அவருக்கு ஊறியிருக்குமோ என்று தோன்றியது. இல்லாவிட்டால் கடலைக்காய் உரிக்கிற எங்கள் வீதிப் பெண்களுக்குச் சோழ ராஜ்யம் எப்படிச் சொந்த வீடு மாதிரி ஆகியிருக்கும்?

சரி, கடனுக்கு வருகிறேன். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து ஐந்து பாகமாக பைண்டு செய்தார்கள். வீடு ஆறு, புத்தகம் ஐந்து! சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் அம்மிச்சிக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. ஐந்தாம் பாகம், திண்ணையில் படித்துக் காட்டிய சிநேகிதிக்கு விழுந்தது. "ஒருக்கா பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிய அம்மிச்சி, திருப்பித் தரவே இல்லை. தானும் காசு போட்டவள்தானே என்ற மனத்தாங்கல். அந்தச் சிநேகிதியும் கேட்கவில்லை. பேச்சு நின்றது. சில வருடத்தில் அவர்கள் குடும்பமே திருச்செங்கோட்டுக்குப் போய் விட்டது.

போன வருடம் அம்மிச்சி காலமானார்கள். டிரங்குப் பெட்டியில், நீலச் சேலைத் துணியில் சுற்றி, அந்தப் புத்தகம் இருந்தது. கடைசி நாட்களில் "ஒரு கடன் பாக்கி இருக்குது கண்ணு" என்று சொல்லிக் கொண்டே இருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா மூலம் விசாரித்து விலாசம் பிடித்தேன்.

ஓட்டு வீட்டுத் திண்ணையில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய வயது. கண் பார்வை மங்கி விட்டது. நான் யாரென்று சொன்னதும் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார்கள். புத்தகத்தை மடியில் வைத்தேன். அட்டையைத் தொட்டதுமே தெரிந்து விட்டது.

"குடுத்து விட்டுட்டாளா?"

"அம்மிச்சி போயிட்டாங்க ஆத்தா. நானாத்தான் கொண்டாந்தேன். மன்னிச்சுக்கோணும்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "நாங் கேட்டிருந்தா அவ குடுத்திருப்பா அம்மிணி. அவ வந்திருந்தா, நீயே வெச்சுக்கோன்னு நாஞ் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் வாயைத் தொறக்காமயே எழுபது வருசம் போச்சு. இது என்ன பாகம், தெரியுமா? ராசா பட்டத்தையே இன்னொருத்தனுக்கு விட்டுக் குடுக்கற பாகம். அதைப் படிச்சுப் போட்டு நாங்க ஒரு பொஸ்தகத்தை விட்டுக் குடுக்கலை பாரு!"

சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

ஐந்தாம் பாகத்தின் பெயர் 'தியாகச் சிகரம்'. 91 அத்தியாயங்கள், ஐந்தில் இதுதான் பெரியது. கடைசி அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வரி படிப்பதற்குள் அடுத்ததை அவர்கள் சொல்லி விடுவார்கள். சத்தம் கேட்டு மருமகளும் பேத்திகளும் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்தாள். 2022-லும் 2023-லும் சினிமாவில் பார்த்த கதைதான். ஆனாலும் காதால் கேட்கிற ருசி தனி என்றார்கள். திண்ணை மறுபடி நிறைந்து விட்டது!

புறப்படும்போது புத்தகத்தை என்னிடமே நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. "இது உங்க சீட்டுக்கு விழுந்தது ஆத்தா" என்று சொல்லி விட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பழைய பைண்டு புத்தகங்கள் இருக்கலாம். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். மெல்லிய துணியால் தூசி துடைத்து, காய்ந்த வேப்பிலையைத் துணிப் பையில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். நாளானால் பழுப்பேறிக் காகிதத்தைக் கெடுத்து விடும்.

அப்படியே, எந்த வீட்டுக்காவது திருப்பித் தர வேண்டிய புத்தகம் இருந்தால் இந்த வாரமே கொண்டு போய்க் கொடுத்து விடுங்கள். ஒரு வாய் காப்பி குடித்து, இரண்டு வார்த்தை பேசி விட்டு வாருங்கள். திரும்பி வரும்போது பாலத்தில் காவிரியைப் பார்த்து, அம்மிச்சிக்காக ஒரு கும்பிடு போட்டேன். கடன் அடைந்தது. ஆனால் அந்த எழுபது வருடத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?