வெள்ளைத் திரை

மக்களே, நேற்று நீ கேட்ட கேள்விக்குக் கடையில் வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. ஆள் நடமாட்டம் இருந்தது. "ஓடிக்கிட்டிருக்கிற சாப்ட்வேர்ல எதுக்கு சித்தப்பா கை வைக்கணும்?" என்றாய். நானும் பல வருஷம் இதையே கேட்டு, வேண்டாம் என்று எனக்கு நானே பதிலும் சொல்லி வந்தேன். அதற்கான விலையைத் தோவாளையில் ஒரு பூ மொத்த வியாபாரி கொடுத்தார். அதை உனக்குச் சொல்லாமல் விட்டால் தப்பு.

2019-ல் ஓணத்துக்கு நாலு நாள் முன்னால். விடிகாலை மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. "அண்ணாச்சி, ஒண்ணும் வரல்ல. திரை வெள்ளையா நிக்குது. என்னத்த செய்ய?" நாகர்கோவிலில் இருந்து வெள்ளமடம் தாண்டித் தோவாளைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். ஓணத்து வாரம் தோவாளைச் சந்தை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக இறங்கும். அதே வேகத்தில் திருவனந்தபுரத்துக்கு ஏறும். பூ யாருக்காகவும் காத்திருக்காது. கணக்குப்பிள்ளை பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். பூவில் தெளித்த தண்ணீர் கையிலிருந்து தாளில் இறங்கி, கார்பன் பிரதியில் எடை ஒன்று, தொகை ஒன்று என்று கலைந்து கிடந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. அந்தத் தாளை என் கையில் தந்து, "ரெண்டு லோடு கணக்கு தெரியாம போயிட்டு" என்று மட்டும் சொன்னார்.

அந்த பில்லிங் புரோகிராமை 2009-ல் பிஎச்பி மொழியில் எழுதியவன் நான். வாடகை சர்வரில் ஓடியது. சர்வர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக பிஎச்பி 5.6-ஐ எடுத்துவிட்டு 7-க்கு மாற்றியிருந்தார்கள். டேட்டாபேஸைத் தொடும் இடமெல்லாம் நான் எழுதியிருந்தது 'மைஎஸ்கியூஎல்' என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள். 7-ல் அவை கிடையாது. முதல் வரியிலேயே புரோகிராம் விழுந்தது, திரை வெள்ளை.

சர்வர்க்காரர்கள் மேல் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு தேதிகளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தப் பழைய வழிக்கு மாற்றாக மைஎஸ்கியூஎல்ஐ 2004-ல் பிஎச்பி 5-ஓடும், பிடிஓ 2005-ல் 5.1-ஓடும் வந்துவிட்டன. நான் புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்பே நல்ல வழி இருந்தது. கை பழகியது என்று பழைய வழியில் போனேன். 2013 ஜூனில் வந்த 5.5, அந்த ஃபங்ஷன்களைக் கூப்பிடும்போதெல்லாம் 'இது போகப்போகிறது' என்று எச்சரித்தது. 2015 டிசம்பரில் 7.0 அவற்றை எடுத்தே விட்டது. அதன் பிறகும் 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31 வரை வந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை தொடங்கி ஐந்தரை வருஷம். அத்தனை நாளும் அது என் கண்ணில் படவில்லை. ஏன் தெரியுமா? வாடிக்கையாளர் திரையில் அசிங்கமாகத் தெரிகிறது என்று எச்சரிக்கைகளை நானே அணைத்து வைத்திருந்தேன். திரையில் காட்டாதே, சரி. லாக் ஃபைலில் எழுத வைத்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

அன்றைக்கு சர்வர்க்காரர்களிடம் கெஞ்சி ஒரு வாரத்துக்கு 5.6-க்கே திரும்ப வைத்தேன். திருத்தம் நின்றுபோன பதிப்பில், ஒரு மனுஷனுடைய ஓணத்துக் கணக்கு முழுவதையும் திறந்த வீட்டில் போட்ட மாதிரி வைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அப்போதுதான் எங்க அப்பாவின் கோட்டாறு கடைப் பேரேடு ஞாபகத்துக்கு வந்தது. திருவிதாங்கூர்ச் சக்கரத்தில் கணக்கு எழுதிப் பழகியவர் அவர். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். பிறகு அணா வந்தது; 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேரேட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டு, பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி என்று கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதியிருக்கிறார். கொல்லம் ஆண்டும் இங்கிலீஷ் தேதியும் பக்கத்தில் பக்கத்தில். சரக்கு வாங்க வந்தவர் எந்தக் காசோடு வந்தாலும் திரும்பிப் போனதில்லை. நம் தொழிலிலும் அதுதான் செய்ய வேண்டியது. நம் வாடிக்கையாளரில் ஒருவர் 8.1-ல் இருப்பார், ஒருவர் 8.4-ல் இருப்பார். இரண்டிலும் ஓடுகிற மாதிரி எழுது; கடைசி ஆளும் மாறிய பிறகு பழைய பத்தியை அடி.

இன்னொன்று. உடைந்து விழுவதைக் கண்டு பயப்படாதே, அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உடையாமல் அர்த்தம் மாறுவதற்குத்தான் பயப்பட வேண்டும். 2020 நவம்பரில் பிஎச்பி 8 வந்தபோது, ஒரு பழைய நாளின் பில்களை எடுத்து 7-லும் 8-லும் ஓட்டி, இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொகை ஒன்றுதான். ஆனால் 8-ன் பில் நீளமாக இருந்தது. அரளி, சம்பங்கி, கொழுந்து என்று அந்த ஆள் வாங்காத பூவெல்லாம் பூஜ்யம் ரூபாயில் வரிசையாக நின்றன. காரணம் ஒரே ஒரு வரி. எடைக் கட்டத்தை எண்ணாக மாற்றி, அது வெற்றுச் சரத்துக்குச் சமமா என்று கேட்டு, சமம் என்றால் அந்த வரிசையை விட்டுவிடச் சொல்லியிருந்தேன். 7 வரைக்கும் பூஜ்யமும் வெற்றுச் சரமும் சமம். 8-ல் சமம் இல்லை. பிழைச் செய்தி ஒன்றும் கிடையாது. அந்த இரண்டு தாளையும் பார்க்காமல் விட்டிருந்தால் வியாபாரிதான் முதலில் பார்த்திருப்பார்.

வாடிக்கையாளரால் நம் புரோகிராமைத் திறந்து பார்க்க முடியாது, மக்களே. பூட்டித்தான் விற்கிறோம். திறந்து கொடுத்தாலும் பூக்கடைக்காரர் என்ன செய்வார்? ஆகவே புதுப் பதிப்பு வரும் என்று தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு, உடைந்த பிறகு தனியாகக் காசு கேட்பது நியாயம் இல்லை என்பது என் கட்சி. அந்த வேலைக்கான பணத்தை ஏஎம்சியிலேயே, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே, வெளிப்படையாகச் சேர்த்து வாங்கு. எதற்காக வாங்குகிறோம் என்று அவருக்கு விளங்குகிற தமிழில் எழுதிக் கொடு. கேட்டால் தருவார்கள், இத்தனை வருஷத்தில் ஒருவரும் மறுத்ததில்லை.

பிஎச்பியில் ஆண்டுதோறும் கார்த்திகை வாக்கில் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. இப்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் முழுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியது, என்ன போயிற்று என்று ஒரு குறிப்பு வரும். அதை முழுக்கப் படி. உள்ளே அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பைப் போட்டு, நான் சொன்ன மாதிரி பழைய பில்களை ஓட்டிப் பார். 8.1 முதல், ஒன்றும் இல்லாத மதிப்பை 'ட்ரிம்' மாதிரி ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் எச்சரிக்கை வரும். நம் கஸ்டமர் ஃபாரத்தில் அது நிறைய இடத்தில் இருக்கிறது. இந்த மாதத்தில் அதை முடித்துவிடு.

சர்வரை மாற்றும் நாளைக் குறிக்கும் முன் தோவாளைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேள். ஓணம், ஆயுத பூஜை, முகூர்த்த நாள் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் கடையில் வேலை குறைவு. அந்த நேரத்தில் நீயே நேரில் போய், முதல் பில் அச்சாகி அவர் கைக்குப் போகிற வரைக்கும் பக்கத்தில் இரு.